தோட்டப் பாடசாலையும் இரு நாடுகளும்: ஊவாத் தமிழ்க் கல்வி பற்றிய ஓர் ஒப்புநோக்கு

பிறநாட்டுக் கல்விமுறையோடு நமது கல்விமுறையை ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. ஒரு தலைமுறை இங்கிலாந்தை அளவுகோலாகக் கொண்டது. அடுத்த தலைமுறை சோவியத் நாட்டையும் கியூபாவையும் எடுத்துக்காட்டியது. இன்று பின்லாந்தும் சிங்கப்பூரும் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் பெயர்களாகியுள்ளன. இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கே வந்து சேர்கின்றன. பிறநாட்டின் வசதிகளைக் கண்டு நம் குறைகளை எண்ணி வருந்துவது ஒன்று. இலவசக் கல்வியையும் உயர்ந்த எழுத்தறிவு வீதத்தையும் சுட்டி, வறிய நாடாயினும் நாம் சாதித்துள்ளோம் எனப் பெருமை கொள்வது மற்றொன்று. இவ்விரு சாராருக்கும் பொதுவான குறைபாடொன்று உண்டு. 'நமது கல்விமுறை' என்று கூறும்போது அது யாருடைய கல்விமுறை என்னும் வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை.

மடூல்சீமையிலோ பூனாகலையிலோ தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு, 1945இல் இந்நாடு பெற்ற இலவசக் கல்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ அயல்நாட்டுச் செய்தியாகவே இருந்தது. அரசு நடத்திய கல்விமுறை ஒன்று; தோட்ட நிருவாகம் நடத்திய பள்ளி மற்றொன்று. ஒரே மலைச்சரிவின் மேலும் கீழுமாக இவ்விரண்டும் இயங்கின. ஆகவே தேசிய சராசரியை ஒருபுறமும் பிறநாட்டுச் சராசரியை மறுபுறமும் வைத்து நிறுக்கும் ஒப்பீடு, தோட்டப் பிள்ளையைத் தராசிலேயே ஏற்றாத ஒப்பீடாகும். சராசரி என்பது எண்ணிக்கையிற் சிறியோரை மறைக்கும் திரையாகவும் தொழிற்படக் கூடியது.

இக்கட்டுரை வேறொரு வகையான ஒப்பீட்டை முயல்கிறது. நாட்டோடு நாட்டை ஒப்பிடாது, ஒரே வரலாற்று மூலத்தினின்று தோன்றிய இரு நிறுவனங்களை ஒப்பிடுவதே அதன் நோக்கம். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்று. மலேசிய இறப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளி மற்றொன்று. இரண்டும் பிரித்தானிய மூலதனம் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பெயர்த்தெடுத்த தொழிலாளரின் பிள்ளைகளுக்காக எழுந்தவை. மொழி ஒன்று; தொடக்ககால ஆட்சியாளர் ஒருவர்; பெருந்தோட்டப் பொருளாதாரம் என்னும் அடித்தளமும் ஒன்று. இவ்வளவு ஒற்றுமைகளுக்கிடையே வேற்றுமைகள் எங்கு, ஏன் தோன்றின என்பதே ஆராயத்தக்கது.

1. ஒரே தோற்றுவாய்

இலங்கையிலே 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. மலாயாவிலே 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டக்கோவை, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்க ஏற்பாடு செய்தது. ஒரு நாட்டில் இக்கடமை கல்விச் சட்டத்தினுள் வந்தது. மற்ற நாட்டில் தொழிற் சட்டத்தினுள் வந்தது. ஆயின் நடைமுறையில் இரண்டும் ஒன்றே. பள்ளிக்கூடம் துரையின் கணக்கேட்டில் ஒரு செலவினமாக அமைந்தது. லயத்துக் கூரையைச் செப்பனிடுவதும் பள்ளிக்கு ஆசிரியரை நியமிப்பதும் ஒரே மேசையில் தீர்மானிக்கப்பட்டன.

இக்காலத் தோட்டப் பள்ளியின் பொது இயல்புகளை இரு நாடுகளிலும் ஒரே வகையிற் காணலாம். ஓராசிரியர், ஓர் அறை, அவ்வறையிலேயே எல்லா வகுப்புகளும். ஆசிரியர் பல இடங்களிற் கங்காணியின் உறவினர், அல்லது கணக்கெழுதும் வேலையோடு கற்பித்தலையும் சேர்த்துப் பார்ப்பவர். பிள்ளை மடுவத்தின் ஒரு பகுதியோ கைவிடப்பட்ட களஞ்சியமோ பள்ளிக்கூடமாயிற்று. எழுத்தறிவு, கணக்கு, சில நீதிப் பாடங்கள் என்பவற்றோடு கல்வி முற்றுப்பெற்றது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை பெரட்டுக்களத்தில் நிற்கத் தகுதி பெற்றுவிடும். அதற்கு மேற்பட்ட கல்வி அப்பிள்ளைக்குத் தேவையென்று நிருவாகம் கருதவில்லை. அவ்வாறு கருதுவது அதன் நலனுக்கும் உகந்ததன்று. கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் வேண்டிய கைகள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதே பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் நியதி. தோட்டப் பள்ளி அந்நியதிக்கு எதிராக எழுந்த நிறுவனமன்று; அதற்குள் அடங்கிய நிறுவனமாகும்.

எனவே 1940கள் வரை ஊவாத் தோட்டப் பிள்ளைக்கும் மலாயத் தோட்டப் பிள்ளைக்கும் இடையே கல்வியைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இருந்ததெனக் கூறவியலாது. அதன் பின்னரே பாதைகள் பிரிந்தன.

2. வாக்குரிமையும் பள்ளிக்கூடமும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. 1945 முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. தென்னாசியாவிலே அக்காலத்தில் இதற்கு நிகரான சாதனை இல்லை எனலாம். 1947ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டம் தோட்டப் பள்ளிகளையும் பொதுக் கல்வி அமைப்பினுட் கொண்டுவர வழி காட்டியது. காகிதத்தில் இடம்பெற்ற அவ்வழி நடைமுறையில் ஒற்றையடிப் பாதையாகவே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் கல்வித் துறைக்குள் இல்லை, அரசியலில் உள்ளது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளைத் தொகுதியும் அவர்களுள் ஒருவரைத் தெரிவு செய்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களும் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வேழு இடங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. இதன் விளைவை அரசியல் வரலாறு நன்கு பதிவு செய்துள்ளது. கல்வி வரலாறு அதனைப் போதிய அளவு பதிவு செய்யவில்லை. நம் நாட்டிலே புதிய பாடசாலை ஒன்று எங்கு அமைய வேண்டும், எந்த வித்தியாலயம் மகா வித்தியாலயமாகத் தரமுயர வேண்டும், எவ்வூருக்கு விஞ்ஞான ஆய்வுகூடம் செல்ல வேண்டும் என்பன பெரும்பாலும் பாராளுமன்ற உறுப்பினரின் கையொப்பத்தோடு முடிவாகிய காலம் அது. வாக்கில்லாத மக்களின் சார்பில் அக்கையொப்பத்தை இடுவார் யார்?

மலாயாவின் நிலை இவ்விடத்திலேயே வேறுபட்டது. 1957இல் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது இந்திய வம்சாவளியினரிற் கணிசமானோர் குடியுரிமை பெறும் வழி திறந்திருந்தது. ஆளும் கூட்டணியில் மலாய இந்தியர் காங்கிரஸ் ஓர் அங்கமாக இருந்தது. அதற்கு முன்னரே, 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, தாய்மொழி வழித் தொடக்கப் பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டிருந்தது. 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை உறுதி செய்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி 'தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி' என்னும் பெயரைப் பெற்றது. ஆசிரியரின் சம்பளம், பாடத்திட்டம், பாடநூல், தேர்வு ஆகியவை அரசின் பொறுப்பாயின.

இலங்கையிலே இதற்கு நிகரான மாற்றம் 1977 முதலே படிப்படியாக நிகழலாயிற்று. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னர், தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இடையில் 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும், தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை அந்த அலைக்கு வெளியிலேயே நின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுக் கால இடைவெளி இரு நாட்டுத் தோட்டப் பள்ளிகளுக்கிடையே ஏற்பட்டது. இருபது ஆண்டு என்பது ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவமாகும்.

இதனைக் கொண்டு மலேசிய அனுபவத்தை மாசற்றதெனக் கொள்ளலாகாது. அங்கும் குடியுரிமை எல்லோருக்கும் கிட்டவில்லை. 1969ஐ ஒட்டிய காலத்தில், குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய இலங்கையின் செயலோடு அதனை ஒப்பிட்டால் அளவிலேதான் வேறுபாடு. தன்மையில் இரண்டும் உறவினவே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மலாயத் தமிழரிடையே வணிகர், எழுத்தர், ஆசிரியர், பத்திரிகையாளர் எனத் தோட்டத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு பிரிவினரும் இருந்தனர். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது கோ. சாரங்கபாணி போன்றோர் 'தமிழ் எங்கள் உயிர்' என நிதி திரட்ட முடிந்தமைக்கு அப்பிரிவினரின் இருப்பு ஒரு காரணம். ஊவாத் தோட்டங்களிலே தொழிலாளருக்கும் நகர்வாழ் தமிழ் வணிகருக்கும் இடையே அத்தகைய பாலம் வலுவாக அமையவில்லை. இவ்வேறுபாட்டையும் கருத்திற் கொண்டே நாம் மேற்செல்ல வேண்டும்.

3. ஏணியின் படிகள்

இதுவரை கூறியதைக் கொண்டு மலேசியத் தோட்டப் பிள்ளை முன்னேறிவிட்டது, ஊவாப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று முடிவு கட்டுதல் அவசர முடிவாகும். கல்வி ஓர் ஏணி எனின், அதன் முதற்படி எப்போது கிடைத்தது என்பதோடு, அது எதுவரை செல்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாண்டுக் கல்வியோடு முடிகிறது. இடைநிலைக் கல்வி மலாய் மொழியிலேயே. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, மலாய் மொழியில் உரிய தேர்ச்சி பெறாவிடின், ஓராண்டுக் காலம் புகுமுக வகுப்பில் தங்கிச் செல்ல வேண்டும். இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் கற்பிக்கப்படும். அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையான பெற்றோர் கேட்டுக்கொண்டால். தோட்டத்துப் பிள்ளை கல்வியை இடைநிறுத்துவதற்கு இந்த மொழிக் கடவை ஒரு முக்கிய காரணமென அந்நாட்டு ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அங்கே முதற்படி உறுதியானது. ஆனால் ஏழாவது படியில் ஏணி வேறொரு சுவரின்மீது சாத்தப்பட்டுள்ளது.

இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை தமிழிற் கற்கும் உரிமை உண்டு. மருத்துவம், பொறியியல் போன்றவை ஆங்கிலத்திற் கற்பிக்கப்படினும் அவற்றுக்கு வழிவிடும் க.பொ.த. உயர்தரத் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழுலகிலே இத்தகைய முழுமையான தாய்மொழிக் கல்வி ஏணி மிகச் சில இடங்களிலேயே உள்ளது. இது வடக்குக் கிழக்குத் தமிழரும் முஸ்லிம் மக்களும் இந்நாட்டு இலவசக் கல்வி இயக்கமும் ஈட்டித்தந்த செல்வம். ஊவாத் தோட்டப் பிள்ளைக்கு இவ்வேணி சட்டப்படி உரியது. ஆனால் நெடுங்காலமாக அதன் முதற்படி தரையிலிருந்து எட்டாத உயரத்தில் இருந்தது.

இவ்வகையில் இரு நாடுகளின் குறைபாடுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். மலேசியாவில் முதற்படி உண்டு, மேலேறத் தாய்மொழி ஏணி இல்லை. இலங்கையில் தாய்மொழி ஏணி உண்டு, தோட்டத்திலிருந்து அதில் ஏற முதற்படி இல்லை. எந்த நாட்டின் முறை சிறந்தது என்னும் வினா இதனால் பொருளற்றதாகிறது. ஒவ்வொரு நாட்டிலும் எந்தப் படியில் எவரது பிள்ளை கீழே இறங்கிவிடுகிறது என்பதே பொருளுள்ள வினா.

முதற்படியை அமைக்கும் பணி 1980களிலிருந்து இங்கு ஓரளவு நடைபெற்றுள்ளது என்பதை மறுத்தலாகாது. சுவீடன் நாட்டு உதவியோடு பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களை எழுப்பியது, ஆசிரியரைப் பயிற்றியது. ஜெர்மனிய உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்திலிருந்தே ஆசிரியரை உருவாக்கத் தொடங்கியது. தோட்டத்தில் பிறந்தவர் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியராகும் நிலை தோன்றியமை, கட்டடங்களைவிட ஆழமான சமூக மாற்றம் எனலாம். வெளியிலிருந்து நியமனம் பெற்று இடமாற்றம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியரின் காலம் அதனால் மெல்ல முடிவுக்கு வந்தது. அவ்வாறு வந்தோருள் அர்ப்பணிப்போடு உழைத்தோரும் இருந்தனர். ஆயினும் ஒரு கல்வி அமைப்பு தனிமனிதரின் அர்ப்பணிப்பை நம்பி இயங்கவியலாது.

இம்மாற்றத்திலும் தோட்டப் பாடசாலைக்கெனத் தாழ்ந்த அளவுகோலொன்று கையாளப்பட்டதை மறக்கலாகாது. 2014, 2015ஆம் ஆண்டுக் காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட இளைஞர் 'ஆசிரியர் உதவியாளர்' என்னும் பெயரில், மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவோடு வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர். கடமை ஆசிரியரின் கடமை; ஊதியம் அதுவன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை மற்றத் தொழிலாளியின் சம்பளத்தினின்று பிரித்து வைத்த அதே சிந்தனை, தோட்டத்து ஆசிரியரையும் மற்ற ஆசிரியரினின்று பிரித்து வைத்தது.

4. ஊவாவின் தனித்தன்மை

மலையகக் கல்வி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நுவரெலியாவை மையமாகக் கொண்டவை. அங்கு மலையகத் தமிழர் எண்ணிக்கையிற் பெரும்பான்மையினர். பிரதிநிதிகளும் அமைச்சர்களும் அம்மாவட்டத்திலிருந்து எழுந்தனர். ஊவாவின் நிலை வேறு. பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியினரே தமிழர். அவர்களும் பசறை, லுணுகலை, மடூல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, அல்துமுல்லை, கொஸ்லாந்தை எனப் பல மலைத்தொடர்களிற் சிதறி வாழ்கின்றனர். ஒரு பள்ளத்தாக்கின் தோட்டத்துக்கும் அடுத்த பள்ளத்தாக்கின் தோட்டத்துக்கும் இடையே கிராமங்களும் காடுகளும் உள்ளன. எண்ணிக்கை சிறியது, இடம் பரந்தது. உயர்தர விஞ்ஞான வகுப்பு ஒன்றுக்கு வேண்டிய மாணவர் தொகை ஓரிடத்திற் சேர்வது இதனாற் கடினமாகிறது. ஆகவே பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களின் சில தமிழ்ப் பாடசாலைகளையே மேற்படிப்புக்கு நம்பியிருக்க வேண்டியதாகிறது.

இந்நிலையின் பழைய வடிவத்தைத் தெளிவத்தை ஜோசப்பின் வாழ்வில் காணலாம். 1934இல் ஹாலிஎலவுக்கு அருகேயுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தந்தையார் தோட்டப் பள்ளி ஆசிரியர். தந்தையின் பள்ளியில் தொடங்கிய கல்வியைத் தொடர அவர் தமிழகத்தின் கும்பகோணத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. பின்னரே பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிற் பயின்றார். ஆசிரியரின் மகனுக்கே அடுத்த படி கடலுக்கு அப்பால் இருந்ததெனின், கொழுந்து பறிப்பவரின் மகளுக்கு அது எங்கிருந்தது என்பதைக் கூறவும் வேண்டுமோ? ஊவாவைப் பொறுத்தவரை பிறநாட்டுக் கல்வி என்பது வெறும் ஒப்பீட்டுப் பொருளாக இருக்கவில்லை. வசதி பெற்ற சிலருக்கு அது படிக்கச் செல்லும் இடமாகவும், ஒப்பந்தத்தாற் பெயர்க்கப்பட்ட பலருக்குத் திரும்பி வரவியலாத இடமாகவும் இருந்தது. பாடநூலில் இலங்கை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் இந்திய வரலாற்றைப் படிக்க அமர்ந்தது. தோட்டமும் கொழுந்தும் மாறவில்லை. நாடு மட்டும் மாறிற்று.

1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டமை கல்வியையும் பாதித்தது. நகருக்குப் பிள்ளைகளை அனுப்பிப் படிக்கவைப்பது பற்றிப் பெற்றோர் கொண்ட அச்சம் எளிதில் அகன்றுவிடவில்லை. மேற்படிகள் யாவும் நகரில் இருக்கும்போது நகரைப் பற்றிய அச்சம் கல்வித் தடையாகவே செயற்படும். பெண்பிள்ளைகள் வகையில் இது மேலும் உண்மையாகும்.

பல்கலைக்கழக அனுமதியிலும் அலகு பற்றிய நமது தொடக்க வினா மீண்டும் எழுகிறது. மாவட்ட அடிப்படையிலான அனுமதி முறையில் பதுளையும் மொனராகலையும் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களாக ஏற்கப்பட்டு, அவற்றுக்கெனச் சிறப்பு ஒதுக்கீடும் வழங்கப்படுகிறது. பின்தங்கியோருக்குக் கைகொடுப்பது முற்போக்கான கொள்கையே. ஆயின் இங்கு பின்தங்கியதாகக் கணிக்கப்படுவது மாவட்டம், லயமன்று. நகரத்துப் பெரிய பாடசாலையிற் பயின்ற மாணவரும் மடூல்சீமைத் தோட்டத்து மாணவரும் அதே மாவட்டப் பட்டியலில் அருகருகே நிற்கின்றனர். தோட்டத்தின் பின்தங்கிய நிலை மாவட்டத்துக்கு ஒதுக்கீட்டைப் பெற்றுத்தருகிறது; அவ்வொதுக்கீட்டின் பயன் தோட்டத்தை எவ்வளவு தூரம் சென்றடைகிறது என்பதைக் கணிக்கும் ஏற்பாடு எதுவும் அம்முறையினுள் இல்லை.

2005இல் பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் அங்கு ஒரு பட்டப்படிப்பாகும். மலைநாட்டின் முதன்மைத் தொழில் பல்கலைக்கழகப் பாடமானது வரவேற்கத்தக்கது. ஆனால் அப்பட்டப்படிப்புக்குள் நுழைய உயர்தர விஞ்ஞானக் கல்வி வேண்டும். தொடர்ந்து கற்க ஆங்கில அறிவும் வேண்டும். தோட்டப் பிள்ளைக்கு அருமையாகக் கிட்டுபவை இவ்விரண்டுமே. தேயிலையை நூற்றைம்பது ஆண்டுகளாகத் தம் கைகளால் அறிந்த சமூகம், தேயிலையை நூல்வழி அறியும் வகுப்பறையின் வாயிலில் நிற்கிறது.

5. நாளைய வினா: காணியும் இடப்பெயர்வும்

மலேசிய அனுபவம் நமக்கு அளிக்கும் பயன் முன்மாதிரியாக அமைவதன்று; முன்னெச்சரிக்கையாக அமைவது. 1957இல் அந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவை ஏறத்தாழ 530. இவ்வீழ்ச்சிக்குக் கல்விக் கொள்கை மட்டும் காரணமன்று. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர் இறப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்தது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. தொழிலாளர் நகரப் புறங்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளிக்கூடமோ ஆளில்லாத தோட்டத்தில் நின்றது. பள்ளி அமைந்த நிலம் தோட்ட உடைமையாளருக்கு உரியதாகையால், அரசின் முழு உதவியைப் பெறுவதிலும் அது பின்தங்கியது. இதற்கு அங்குள்ள தமிழர் கண்ட ஒரு வழி, பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்றுவதாகும். பள்ளி மக்களைப் பின்தொடர வேண்டும் என்னும் கொள்கை அதிலிருந்து உருவாயிற்று. அதற்காக அவர்கள் நடத்திய நீண்ட போராட்டங்கள் தனியே எழுதத்தக்கவை.

ஊவா இன்று அதே கட்டத்தின் வாயிலில் நிற்கிறது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இளைஞர் கொழும்புக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் பெயர்கின்றனர். பல தோட்டங்களில் தேயிலை காடேறிவிட்டது. பாடசாலை அரசுடையது, அதனைச் சூழ்ந்த நிலம் கம்பெனியின் பொறுப்பிலுள்ளது. பாடசாலை ஒன்றுக்கு இரண்டு ஏக்கர் காணி ஒதுக்குவது பற்றிய கோரிக்கைகளும் அறிவிப்புகளும் 2010களில் எழுந்தன. விளையாட்டிடமோ ஆசிரியர் விடுதியோ புதிய கட்டடமோ அமைக்கக் காணியே முதல் தேவை என்பதை அவை உணர்த்தின. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, உயிர் தப்பியோர் ஒதுங்கியது பாடசாலைக் கட்டடங்களில். தோட்டத்து மக்களுக்கென உள்ள ஒரே பொதுக் கட்டடம் பல இடங்களில் பாடசாலையே என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்குக் காட்டிற்று. அத்தகைய நிறுவனம் மாணவர் தொகை குறைந்ததென்ற காரணத்தால் மூடப்படுமாயின், அங்கு எஞ்சியிருக்கும் பிள்ளைகள் எங்கு செல்வர்? இங்கு இதுவரை விவாதம் கட்டடங்களின் எண்ணிக்கை பற்றியதாகவே இருந்துள்ளது. பெயரும் மக்களோடு பள்ளி எவ்வாறு பெயர வேண்டும், பெயராது நிற்போருக்கு அது எவ்வாறு நிலைக்க வேண்டும் என்னும் இரு வினாக்களும் ஒருசேர எழுப்பப்படவில்லை.

6. முற்போக்குச் சிந்தனையின் பொறுப்பு

இறுதியாக, இலவசக் கல்வியின் காவலர் எனத் தம்மைக் கருதும் முற்போக்காளரை நோக்கியும் சில கூற வேண்டியுள்ளது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து இடதுசாரிகள் குரலெழுப்பியமை வரலாற்றில் அவர்களுக்குரிய பெருமை. அதே இயக்கத்தின் முதன்மையான கட்சி 1964 ஜூனில் கூட்டரசாங்கத்தில் இணைந்தது. அவ்வரசாங்கமே அவ்வாண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 1960களின் பாடசாலைக் கையேற்பைச் சமத்துவத்தின் வெற்றியாகக் கொண்டாடிய எழுத்துகளில், கையேற்கப்படாது நின்ற தோட்டப் பள்ளியைப் பற்றிய சொற்கள் அரிது. கட்டாயக் கல்வி பற்றிய ஒழுங்குவிதி 1997இலேயே பிறப்பிக்கப்பட்டது. அதுவரை தோட்டத்துப் பத்து வயதுப் பிள்ளை நகரத்து வீடுகளில் வேலைக்கு அமர்த்தப்பட்டதை நமது நடுத்தர வர்க்கம் வழக்கமாகவே ஏற்றிருந்தது. அவ்வீடுகளுட் சில கல்வியாளரின் வீடுகளாகவும் இருந்தன என்பது கசப்பான உண்மை. தொழிற்சங்கங்களும் சம்பளப் போராட்டத்துக்கு அளித்த இடத்தில் ஒரு பகுதியையேனும் பாடசாலைக்கு அளித்தன எனக் கூறவியலாது.

இலவசக் கல்வி என்பது கட்டணம் வாங்காத கல்வி மட்டுமன்று. பிள்ளையின் காலடியிலிருந்து தொடங்கும் கல்வியே உண்மையில் இலவசமானது. ஐந்தாம் தரத்தோடு முடியும் பாடசாலைக்கும் அடுத்த பாடசாலைக்கும் இடையே பேருந்தில்லாத பல மைல் மலைப்பாதை கிடக்குமாயின், அப்பாதையே கட்டணமாகிறது. அதனைச் செலுத்துவது பிள்ளையின் கால்கள்.

ஊவாவுக்கு இன்று வேண்டுவன இவ்வொப்புநோக்கிலிருந்து தெளிவாகின்றன. கல்விப் புள்ளிவிவரங்கள் மாவட்டத்தை மட்டும் காட்டாது, தோட்டம், கிராமம், நகரம் என வேறுபடுத்திக் காட்ட வேண்டும். எண்ணப்படாத பிள்ளைக்குக் கொள்கை வகுக்க முடியாது. பசறை, அப்புத்தளை, மடூல்சீமை போன்ற ஒவ்வொரு மலைத்தொடருக்கும் தமிழ்வழி உயர்தர விஞ்ஞான வகுப்பு எட்டும் தூரத்தில் அமைய வேண்டும். இயலாவிடின் விடுதி வசதியேனும் வேண்டும். தோட்டத்து ஆசிரியருக்கு ஆசிரியர் என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் ஒருசேர வேண்டும். பாடசாலை நிற்கும் நிலம் பாடசாலைக்கே உரியதாக வேண்டும். இவற்றில் எதுவும் பின்லாந்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதன்று. 1943ஆம் ஆண்டின் அறிக்கை இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் வாக்களித்ததை, அவ்வாக்கிலிருந்து விலக்கி வைக்கப்பட்டோருக்கும் நிறைவேற்றுவதே ஆகும்.

மலேசியத் தமிழர் தம் முதற்படியைக் காத்து, மேற்படிகளுக்காகப் போராடுகின்றனர். ஊவாத் தமிழர் தமக்கெனச் சட்டத்தில் எழுதப்பட்ட மேற்படிகளை நோக்கி, முதற்படியிலிருந்து போராடுகின்றனர். இரு போராட்டங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு உதவும் ஆய்வுகளைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர்கள் இனி எழுத வேண்டும். ஏணியின் எந்தப் படி உடைந்துள்ளது என்பதை அதில் ஏறி வந்தோரே நன்கு அறிவர்.